யூனிவர்சிட்டி சேலஞ்ச் மேசையில் உங்கள் பெயர்: பிரிட்டனுக்குப் படிக்க வருபவர்களுக்கு

திங்கட்கிழமை இரவு பிபிசி டூ பக்கம் போனால் இரண்டு மேசைகளைப் பார்க்கலாம். மேசைக்கு நான்கு பேர். கேள்விகள் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பெயர், ஊர், படிப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். அந்த ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ஒருவர் லீட்ஸ் என்பார், அடுத்தவர் வான்கூவர் என்பார், அதற்கடுத்தவர் சிங்கப்பூர் என்பார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான யூனிவர்சிட்டி சேலஞ்ச் என்ற க்விஸ் போட்டிதான் இது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகங்களுக்குள் உலகமே வந்து படிக்கிறது, அதனால் மேசையிலும் உலகமே உட்கார்ந்திருக்கிறது.

முதுகலை படிக்க வந்த முதல் மாதத்தில் விடுதிப் பொது அறையில் இதைப் பார்த்தேன். எட்டு பத்து பதில்கள் எனக்குத் தெரிந்திருந்தன. இருந்தும் ‘இது இவர்கள் ஊர் விளையாட்டு, நமக்கு எதற்கு’ என்று விட்டுவிட்டேன். அந்த எண்ணம் மாறிப் போய் விசாரித்தபோது அந்த வருடத்து அணி முடிவாகியிருந்தது. முனைவர் பட்டத்துக்கு இங்கேயே தங்கியதால் எனக்கு மறுபடியும் வாய்ப்பு வந்தது. ஒரு வருடத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கு வராது. பிறகு சில வருடங்கள் எங்கள் க்விஸ் கழகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அந்த அனுபவத்திலிருந்து, இப்போது விமானம் ஏறப்போகிற அல்லது போன வாரம் வந்து இறங்கிய ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

யூனிவர்சிட்டி சேலஞ்ச் 1962 செப்டம்பரில் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கியது. அமெரிக்காவின் காலேஜ் பௌல் போட்டிதான் அதற்கு முன்மாதிரி. பாம்பர் காஸ்கோயின் 1987 வரை நடத்தினார். சில வருட இடைவெளிக்குப் பிறகு 1994-ல் பிபிசி டூவுக்கு வந்தபோது ஜெரமி பாக்ஸ்மன் பொறுப்பேற்றார். 2023 முதல் அமோல் ராஜன் நடத்துகிறார். கல்கத்தாவில் பிறந்து, சிறு குழந்தையாக லண்டனுக்கு வந்து வளர்ந்தவர் அவர். இந்தியப் பெயர்களை அவர் தடுமாறாமல் சொல்லக் கேட்பது எனக்கு இன்னும் சந்தோஷம் தருகிறது.

விதிகள் எளியவை. முதலில் ‘ஸ்டார்ட்டர்’ கேள்வி, பத்து மதிப்பெண். எட்டு பேரில் யார் வேண்டுமானாலும் பஸ்ஸரை அழுத்தலாம், ஆனால் அழுத்தியவர்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாது. கேள்வியைப் படித்து முடிக்கும் முன் அழுத்தித் தவறாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் போகும், முழுக் கேள்வியும் எதிரணிக்குப் படிக்கப்படும். கேள்வி முடிந்த பிறகு தவறாகச் சொன்னால் எதுவும் குறையாது. ஸ்டார்ட்டரைச் சரியாகச் சொன்ன அணிக்கு, ஒரே பொருளைச் சுற்றி மூன்று ‘போனஸ்’ கேள்விகள், ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண். இவற்றை நான்கு பேரும் கலந்து பேசலாம். பதிலைக் கேப்டன் சொல்ல வேண்டும், அல்லது ‘நாமினேட்’ என்று சொல்லி இன்னொருவரைச் சொல்லவிட வேண்டும். நடுவில் படக் கேள்விகளும் இசைக் கேள்விகளும் வரும். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தொலைக்காட்சிக்கு வருபவை 28 அணிகள். முதல் சுற்றில் தோற்றாலும் நல்ல மதிப்பெண் எடுத்த நான்கு அணிகளுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. காலிறுதியில் இரண்டு வெற்றி பெற்றால் மேலே போகலாம், இரண்டு தோல்வி வந்தால் வெளியே. பணப் பரிசு கிடையாது. கோப்பை மட்டும்தான்.

ஒரு சின்னத் தகவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய நிகழ்ச்சிகளை பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பார்க்க டிவி லைசென்ஸ் என்ற கட்டண உரிமம் வேண்டும். விடுதி அறையில் மடிக்கணினியில் பார்த்தாலும் வேண்டும். புதிதாக வருபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பொது அறையில் டிவி இருந்தால் அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று வரவேற்பில் கேட்டுவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து பாருங்கள். அப்படிப் பார்ப்பதே பாதிப் பயிற்சி.

தேதிகள்

புத்தகம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பல்கலைக்கழகம் திறந்ததும் மாணவர் சங்கங்கள் கடை விரிக்கும் வாரம் ஒன்று வரும். அங்கே க்விஸ் கழகத்தைத் தேடிப் போய் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: யூனிவர்சிட்டி சேலஞ்ச் அணித் தேர்வு எப்போது? அதை நடத்துவது யார்? சில இடங்களில் கழகமே நடத்தும், சில இடங்களில் மாணவர் யூனியன் நடத்தும். தேர்வு பெரும்பாலும் முதல் பருவத்திலேயே முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி அணி அனுப்புவதால், அங்கே படிக்கப் போகிறவர்கள் கல்லூரிக்குள் விசாரிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு நடக்கும் எல்லா நாட்களிலும் நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகப் பதிவில் இருப்பீர்களா? 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி இறுதிப்போட்டியில் மான்செஸ்டரை வென்றது. அந்த அணியில் ஒருவர் தொடர் முடிவதற்குள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டது பிறகு தெரியவந்தது. கோப்பை திரும்ப வாங்கப்பட்டு மான்செஸ்டருக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களில் பலர் ஒரு வருட முதுகலைக்குத்தான் வருகிறார்கள், அதனால் இது நம்மை நேராகப் பாதிக்கும் விதி. படிப்பு முடியும் தேதியை அமைப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அணியில் மற்றவர்களுடைய உழைப்பும் வீணாகும்.

எப்போது அழுத்துவது

நம் ஊர்க் கல்லூரி க்விஸ்களில் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தடுமாறினேன். சென்னைக் கல்லூரி விழாக்களில் கேள்வி திரையில் வரும். அதில் நான்கைந்து குறிப்புகள் ஒளிந்திருக்கும். அணியாக உட்கார்ந்து பேசி, ‘இதுவாக இருந்தால் அது பொருந்துமே’ என்று நூல் பிடித்துப் போகலாம். தெரியாத பதிலைக் கூட யோசித்து எட்டிப் பிடிக்கும் அழகு அதில் உண்டு. யூனிவர்சிட்டி சேலஞ்ச் ஸ்டார்ட்டரில் அந்த அவகாசம் கிடையாது. உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்தால் எதிரே இருப்பவர் அழுத்திவிடுவார்.

நான் தோற்ற முதல் தேர்வில் ஏழு கேள்விகளுக்கு விடை தெரிந்தும் கை அசையவில்லை. ‘இன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்’ என்று காத்த அந்த ஒரு வார்த்தையில் ஏழும் போயின. பதில் வாயில் வந்த பிறகு அழுத்துவது தாமதம். ‘இது எனக்குத் தெரிந்த இடம்’ என்று மனம் சொல்லும் கணத்தில் அழுத்தி, பெயர் சொல்லி அழைக்கப்படும் அந்த ஒரு நொடியில் பதிலைத் தேடி எடுக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “கட்டப்பட்ட மரம் என்று பொருள்படும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்து, இன்று இரண்டு இணையான அடிப்பகுதிகளைக் கொண்ட படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எது?” பிரிட்டிஷ் மாணவர் ‘படகு’ என்ற சொல் வரும்வரை காத்திருப்பார். நீங்கள் ‘தமிழ்ச் சொல்லிலிருந்து’ என்பதற்குள் அழுத்தியிருக்க வேண்டும். பதில் கேட்டமரான்.

இப்போது இன்னொரு கேள்வி: “1910-ல் லாகூரில் பிறந்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் வரும்போது வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டவர்...” இங்கே நம் கை தானாகவே துடிக்கும். சந்திரசேகர்! ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை. “...1983-ல் இயற்பியல் நோபல் பரிசை எந்த அமெரிக்கருடன் பகிர்ந்துகொண்டார்?” என்று முடிந்தால் பதில் வில்லியம் ஃபௌலர். அவசரப்பட்டிருந்தால் ஐந்து மதிப்பெண் போய், மிச்சக் கேள்வியும் எதிரணிக்குப் போயிருக்கும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதல் கேள்வியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள், கேட்கப்போவது அவரைத்தானா என்று இன்னும் தெரியவில்லை. மிகப் பிரபலமான ஒருவரைப் பற்றிய சுலபமான குறிப்பு கேள்வியின் தொடக்கத்திலேயே வந்தால் சந்தேகப்படுங்கள், அங்கே கேள்வி திரும்பப்போகிறது. யாருக்கும் எளிதில் தெரியாத குறிப்போடு தொடங்கினால், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததாக இருந்தால், தயங்காமல் அழுத்துங்கள். இந்த மோப்பம் படித்து வராது. நூறு நிகழ்ச்சிகள் பார்த்து, ஒவ்வொரு கேள்வியிலும் ‘எங்கே திரும்பும்’ என்று ஊகித்தால்தான் வரும்.

இன்னொன்று. கேள்வி முழுதும் படித்து முடிந்தும் யாரும் அழுத்தாமல் மௌனம் நிலவினால், மனதில் இருக்கும் அரைகுறைப் பதிலோடு அழுத்துங்கள். அப்போது தவறுக்குத் தண்டனை இல்லை. மரியாதைக்காகச் சும்மா இருக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அதை வகுப்பறையோடு விட்டுவிடுங்கள்.

எதைப் படிப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நடுவில் கோடு போடுங்கள். நிகழ்ச்சியைப் பார்க்கும்போது மேசையைத் தட்டி விளையாடுங்கள், பேனா போதும், பஸ்ஸர் வேண்டாம். தெரிந்தும் அழுத்தாதவை இடப்பக்கம், அடியோடு தெரியாதவை வலப்பக்கம். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், இடப்பக்கம் உங்கள் பயத்தின் அளவைக் காட்டும், வலப்பக்கம் நீங்கள் படிக்க வேண்டிய பாடத்திட்டமாகவே மாறியிருக்கும். பயிற்சி பெற்ற எல்லோரிடமும் நான் முதலில் கேட்டது இந்த நோட்டைத்தான்.

வலப்பக்கத்தில் என்னென்ன சேரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் 1066-க்குப் பிறகான அரசர் வரிசை, பிரதமர்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் கதாபாத்திரங்கள், கதீட்ரல் நகரங்கள், ஐரோப்பிய ஓவியர்கள், கிரேக்கப் புராணம், லத்தீன் சொற்றொடர்கள். இவற்றை இங்கே பிறந்தவர்களும் மனப்பாடம் செய்துதான் வருகிறார்கள். அரசர் வரிசையை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். ஓவியத்துக்கு அருங்காட்சியகம் போங்கள். லண்டன் நேஷனல் கேலரியின் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, படங்களைச் சுவரில் பார்த்துப் படித்தால் மறக்காது. மேற்கத்திய செவ்வியல் இசைதான் நம்மவர்களுக்கு மலை மாதிரித் தெரியும். ஆனால் பாட்டின் முதல் நான்கு நொடியில் எந்தப் படம் என்று சொல்லிவிடும் காது நம் வீடுகளில் எல்லோருக்கும் இருக்கிறது. அதே காதைப் பாக், மொஸார்ட், பீத்தோவன், ஷோபான் பக்கம் தினம் அரைமணி திருப்பினால் மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பயிற்சிக் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கியூபி ரீடர் என்ற இணையதளத்தில் க்விஸ்பௌல் (பஸ்ஸர் அழுத்தி ஆடும் மாணவர் க்விஸ்) கேள்விகள் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. கேள்வி சொல் சொல்லாக விரியும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பதில் தரலாம். தினம் இருபது போதும்.

சரி, நீங்கள் கொண்டுவரும் சொத்து என்ன? இதைத்தான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நான்கு பேருக்கும் ஷேக்ஸ்பியர் தெரிந்த அணியைவிட, மூவருக்கு அது தெரிந்து நான்காமவருக்கு வேறு ஓர் உலகம் தெரிந்த அணி வலுவானது. மகாபாரதக் கிளைக்கதைகள், சோழர், விஜயநகரம், கர்நாடக ராகங்கள், கிரிக்கெட் எல்லாம் கேள்விகளாக வரக்கூடியவை. பிளஸ் டூவில் எழுதி எழுதிப் பழகிய தனிம வரிசை அட்டவணையும் கைகொடுக்கும். கணித மேதை ராமானுஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 என்ற எண், சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், சுருட்டிலிருந்து வந்த ‘செரூட்’, மிளகுத்தண்ணீரிலிருந்து வந்த ‘மல்லிகாடானி’, குருந்தத்திலிருந்து வந்த ‘கொரண்டம்’ ஆகிய ஆங்கிலச் சொற்கள், இவையெல்லாம் நமக்கு நொடியில் வரும். தேர்வுத் தாளில் இப்படி ஒரு மூலையை நீங்கள் மட்டும் நிரப்பினால், அணி அமைப்பவர் கண்ணில் படுவீர்கள்.

பிராண்டன் பிளாக்வெல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து இம்பீரியல் கல்லூரிக்குக் கணினி படிக்க வந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகளில் ஏற்கெனவே ஆடிய அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் இருந்த அணி 2020-ல் கோப்பையை வென்றது. 2017-ல் கேம்பிரிட்ஜின் வுல்ஃப்சன் கல்லூரி அணியை இறுதிவரை கொண்டுபோன எரிக் மாங்க்மன், கனடாவின் ஓக்வில் ஊர்க்காரர். இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரி வென்றாலும், அந்த வருடம் என்றால் எல்லோருக்கும் நினைவில் வருவது மாங்க்மன்தான். புருவம் சுருக்கி, உரத்த குரலில், வெட்கமே இல்லாமல் பதிலுக்காகப் போராடிய விதம் அப்படி. அரையிறுதியில் அவரிடம் தோற்ற எம்மானுவேல் கல்லூரியின் பாபி சீகலுக்குக் கேரளத்து வேர். இருவரும் நண்பர்களாகி, பிறகு பிபிசியில் சேர்ந்தே நிகழ்ச்சி நடத்தினார்கள்.

உச்சரிப்பு

நாம் ஆங்கிலத்தில் நிறையப் பெயர்களைப் படித்துத் தெரிந்துகொண்டோம், கேட்டதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் இருக்கும் ‘மக்தலீன்’ என்று நாம் படிக்கும் கல்லூரியை இங்கே ‘மாட்லின்’ என்பார்கள். கேம்பிரிட்ஜின் ‘கையஸ்’ கல்லூரியை ‘கீஸ்’ என்பார்கள். ஊர்களில் Leicester என்பது ‘லெஸ்டர்’, Worcester என்பது ‘வூஸ்டர்’. நடத்துநர் சொல்லும்போது அடையாளம் தெரியாமல் போவதுதான் இதில் பெரிய இழப்பு. பேச்சின் சாயல் பற்றி மட்டும் கவலை வேண்டாம். தமிழ் வாடையோடு பேசினாலும் பதில் பதில்தான். நோட்டில் புதுப் பெயர் எழுதும்போதெல்லாம், பக்கத்தில் அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அணியும் ஆடிஷனும்

நான்கு பேர், கூட ஒரு மாற்று ஆள். பல்கலைக்கழகத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த முதல் ஐந்து பேரையே சிலர் எடுப்பார்கள், சிலர் துறை பார்த்துக் கலப்பார்கள். மாற்று இடம் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் அந்த இடத்தில்தான் இருந்தேன், அந்தப் பயிற்சிக் காலம் முழுக்க என்னுடையதாகவும் இருந்தது.

அணி விண்ணப்பித்த பிறகு தயாரிப்புக் குழு அணியைச் சந்தித்து, கேள்விகள் கொடுத்துப் பார்க்கும், பேசவும் விடும். மதிப்பெண்ணோடு, நீங்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்டுக்கொள்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். போனஸுக்குப் பேசும்போது ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் ‘உறுதி’ என்று சொல்லட்டும், சந்தேகம் உள்ளவர் ‘ஊகம்’ என்று சொல்லட்டும். கேப்டனுக்கு இந்த இரண்டு சொற்கள் போதும். மென்மையாகப் பேசிச் சரியான பதிலை விழுங்கிவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். கேப்டன் காதில் விழவில்லை என்றால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

தேர்வாகாவிட்டால் கழகத்தைவிட்டு வர வேண்டாம். மாணவர்களுக்கான க்விஸ்பௌல் போட்டிகள் வருடம் முழுக்க நடக்கின்றன. அங்கே கேமராவும் ஒப்பனையும் இல்லை, ஆனால் அதே பஸ்ஸர், அதே படபடப்பு.

பதிவு நாளும் பெயர்ப் பலகையும்

உடைக்கு நீளமான அறிவுரை இல்லை. தயாரிப்புக் குழு சொல்வதைக் கேளுங்கள், உங்களுக்கு வசதியானதைப் போடுங்கள். பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் நடுவே பல மாதம் ஓடும், அதுவரை முடிவை வெளியே சொல்லக் கூடாது. அம்மாவிடம் கூடச் சொல்லாமல் இருப்பது கடினம்தான், பழகிக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். பஸ்ஸர் அழுத்தியதும் அறிவிப்பாளர் ரோஜர் டில்லிங் கல்லூரிப் பெயரையும் குடும்பப் பெயரையும் உரக்கச் சொல்வார். மேசைப் பலகையிலும் குடும்பப் பெயர்தான் இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். அதனால் பலகையில் எந்தப் பெயர் வர வேண்டும், அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத் தயாரிப்புக் குழுவிடம் முதலிலேயே கேட்டுப் பேசிவிடுங்கள். எழுத்துக் கூட்டியும் கொடுங்கள்.

எங்கள் பயிற்சியில் நாங்களே பலகை செய்து, ஒருவரை அறிவிப்பாளராக உட்கார வைப்போம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் பெயரைப் போடலாமா என்று கேட்டாள், போடலாம் என்றேன். ஒரு இரவு யோசித்துவிட்டு வந்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும் என்றாள். அன்று அவள் சரியாக அழுத்திய ஒவ்வொரு முறையும் அந்த அறையில் ‘முருகேசன்!’ என்ற பெயர் ஒலித்தது. சாயங்காலம் ஊருக்கு வீடியோ கால் போட்டபோது அவள் அப்பாவிடம் முதலில் சொன்னது அதைத்தான்.